கேமரா கேள்வி-பதில்: தோவாளை மல்லிகை ஏன் சாம்பல் பூத்தது?

கேள்வி: தோவாளை பூச்சந்தையில் குவித்து வைத்திருந்த மல்லிகையை ‘ஏ’ முறையில் (துளையை நாம் வைத்தால், ஷட்டர் நேரத்தைக் கேமராவே வைக்கும் முறை), லென்ஸின் துளை எஃப் 5.6, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 வைத்து எடுத்தேன். ஒளிமானி பூஜ்யத்தில்தான் நின்றது. ஆனாலும் பூ, வெளுக்காத வேட்டியைப் போலச் சாம்பல் நிறமாக விழுந்தது. துளையைத் திறந்து எஃப் 4-இல் எடுத்தபோதும் மாற்றம் இல்லை. லென்ஸில் கோளாறா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: லென்ஸைக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம்; அது நன்றாகவே இருக்கிறது. எதிரில் இருப்பது மல்லிகையா கரிமூட்டையா என்பது கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்று எண்ணிக்கொண்டு, படத்தை அந்த நிறத்துக்கே கொண்டுவர அது முயல்கிறது. மல்லிகையோ அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், வெளிச்சம் மிகுந்துவிட்டதாகக் கருதிக் கேமரா அதைக் குறைத்துவிட்டது. பூஜ்யம் என்பதற்கு ‘சரி’ என்று பொருளில்லை. ‘சாம்பல்’ என்றுதான் பொருள்.

எஃப் 4-க்கு மாற்றியும் பயனில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். ‘ஏ’ முறையில் நீங்கள் துளையை ஒரு படி (அதாவது வெளிச்சம் இரு மடங்காகும் அளவு) திறந்தால், கேமரா ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கி, பழைய அளவிலேயே நிறுத்திவிடும். கேமராவின் கணக்கை மீற வேண்டுமானால், கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி, +1 அல்லது +1.3 வைக்க வேண்டும். பிறகு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் மேடாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலப்பக்கம் நகர்ந்திருக்கலாம். ஆனால் வலது ஓரத்தில் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் இதழ்களின் மடிப்புகள் வெறும் வெள்ளையில் கரைந்துவிட்டன என்று பொருள். அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. வேலை முடிந்ததும் அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறவாதீர்கள். நான் ஒருமுறை மறந்து, மறுநாள் ஒரு கல்யாண வீட்டுப் படங்களையெல்லாம் வெளிறவைத்திருக்கிறேன்.

கரிய பொருளுக்கு இது நேர்மாறு. பத்மநாபபுரம் அரண்மனையின் பளபளக்கும் கறுப்புத் தரை படத்தை நிறைத்தால், கேமரா அதையும் சாம்பலாக்கிக் காட்டும். அங்கே −1 வைத்தால்தான் கறுப்பு கறுப்பாக விழும். விடியுமுன் பல்பு வெளிச்சத்தில் எடுத்த பூ மஞ்சளாக விழுவது வேறு நோய். அதற்கு மருந்து, விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு.

கேள்வி: திற்பரப்பு அருவி பட்டுத்துணி போல வழிய வேண்டும் என்று, நண்பகலில் ஷட்டரை அரை விநாடிக்கு வைத்தேன். ஐஎஸ்ஓ 800. ட்ரைபாடும் இருந்தது. திரையில் எஃப் 22 என்ற எண் மினுங்கியது. படம் முழுக்க வெள்ளை.
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மினுங்கிய எண், ‘இதற்கு மேல் என்னால் துளையைச் சுருக்க முடியாது’ என்று கேமரா சொன்ன செய்தி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால், விநாடியில் 125-இல் ஒரு பங்கு நேரமே போதும். அதிலிருந்து அரை விநாடிக்கு வர ஆறு படி. ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் இரட்டிக்கிறது. எஃப் 22 அதில் ஒரு படியைக் குறைத்தது. ஐஎஸ்ஓ 800 மேலும் மூன்று படியை ஏற்றிவிட்டது. ஆக எட்டுப் படி, அதாவது 256 மடங்கு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது.

முதலில் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குங்கள். அடுத்து, வெயில் அருவிமேல் விழாத காலைநேரத்தில் செல்லுங்கள். நிழலில் ஏறத்தாழ மூன்று படி தானாகவே குறைந்துவிடும். மீதி மூன்று படிக்கு, வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி 8 ஃபில்டர் ஒன்று போதும். துளையை எஃப் 22 வரை சுருக்குவதை நான் விரும்புவதில்லை. ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் பாறையின் கூர்மை மழுங்கிவிடும். எஃப் 16-இல் நிறுத்திக்கொள்வது நல்லது. சாரல் தெறிக்கும் இடமாதலால், லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணியும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: கன்னியாகுமரியில் சூரிய உதயத்தின்போது, வானத்தின் நிறமும் 133 அடி வள்ளுவர் சிலையின் முகமும் ஒரே படத்தில் தெளிவாக விழ என்ன செய்வது?
– ஒரு வாசகர், கொட்டாரம்

பதில்: ஒரே சொடுக்கில் இரண்டையும் பிடிக்க எண்ணாதீர்கள். கரையிலிருந்து பார்க்கையில் சூரியன் சிலைக்கு அப்பால் இருப்பதால், நாம் காணும் பக்கம் முழு நிழலில் கிடக்கிறது. வானத்துக்கு அளவு வைத்துச் சிலையை நிழலுருவாக விடுவதே எனக்குப் பிடித்த வழி: ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவீட்டில், சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளிய வானத்தை அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டுப் படத்தை அமையுங்கள். மூன்று அளவுகளில் எடுத்து இணைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்குள் அலையும் வள்ளங்களும் நகர்ந்து இரட்டை இரட்டையாகத் தெரியும். சிலையின் முகம்தான் தெளிவாக வேண்டுமென்றால், கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும் பிற்பகலில் அதே இடத்துக்கு மறுபடி வாருங்கள்.