பொறியியல் இல்லாத கல்லூரிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுஸ்டர் நகரில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். இயேசு சபையினரின் சிறிய கல்லூரி, பொறியியல் கிடையாது. நாங்கள் இந்துக்கள். படிப்பும் சூழலும் அவளுக்கு ஒத்துவருமா? – ஒரு தாய், கோவை

பதில்: மதம் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். திருப்பலிக்கு (கத்தோலிக்கத் தேவாலய வழிபாடு) போகும் கட்டாயம் எதுவும் இல்லை. சமயவியலில் ஒரு பாடம் படித்தாக வேண்டும். அது ஆராய்ந்து கற்கும் பாடம், கிறிஸ்தவ நம்பிக்கையைப் போதிக்கும் மறைக்கல்வி வகுப்பு அல்ல. நம் வீரமாமுனிவரும் இந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். (திருச்சி ஹோலி கிராஸ் வேறு சபையின் கல்லூரி; குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நான் உங்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: உங்கள் மகள் வகுப்பில் வாய் திறந்து பேசுவாளா?

1843இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஏறத்தாழ 3,000 பேர் படிக்கிறார்கள், அனைவரும் இளநிலை மாணவர்கள். அதனால் ஆய்வு மாணவர்களைக் கொண்டு பாடம் நடத்தும் வழக்கம் இல்லை, பேராசிரியர்களே நடத்துகிறார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு 'மான்செராட்' என்ற சிறு கருத்தரங்க வகுப்பு உண்டு. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. விடை தெரிந்தும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அடக்கம் என்று நாம் சொல்லிக்கொடுத்ததை, தயாராகாமல் வந்திருக்கிறாள் என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. வாரந்தோறும் குறித்த நேரத்தில் பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே தங்கள் அறையில் இருப்பார்கள். தவறு செய்தவர்கள்தான் ஆசிரியர் அறைக்குப் போவார்கள் என்ற நம் ஊர் பயம் வேண்டாம். முதல் கட்டுரையின் வரைவை எடுத்துக்கொண்டு, மதிப்பெண் வருவதற்கு முன்பே போகச் சொல்லுங்கள்.

பருவத்துக்கு வழக்கமாக நான்கு பாடங்கள், பட்டத்துக்கு 32. முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முடிவு செய்தால் போதும். பொறியாளர் ஆவதுதான் அவள் கனவென்றால், இந்தக் கல்லூரி வேண்டாம் என்றே சொல்வேன். கணினி அறிவியல், கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் உண்டு. இதில் கல்விக் கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது: எஃப்-1 எனும் மாணவர் விசாவில் பட்டம் பெற்றபின் 12 மாதம் வேலைப் பயிற்சி பெறலாம், இத்தகைய அறிவியல் பாடங்கள் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். வரலாறோ இலக்கியமோ படித்தால் அந்த நீட்டிப்பு இல்லை.

வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே வங்கிக்குப் போங்கள். அந்த மின்னஞ்சலை நீங்கள் எழுத வேண்டாம், மகளே எழுதட்டும்.