லண்டன் அக்கா சேம்பர் வக்கியூம் சீலர் அனுப்பவா என்று கேட்கிறா: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அது தேவையா?

கேள்வி: லண்டனில் இருக்கிற அக்கா சேம்பர் வக்கியூம் சீலர் ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறா. கோண்டாவிலில் இருக்கிறோம், வீட்டில் 5 பேர். சாப்பாட்டுச் சாமான்களைச் சேமிக்க உண்மையிலேயே உதவுமா, இல்லை மூலையில் கிடக்கப்போகிற இன்னொரு சாமானா?

பதில்:

உங்கள் வீட்டில் டீப் பிரீசர் இருக்கிறதா? இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு முதலில் ஒரு டீப் பிரீசர் கேளுங்கள். இந்த மெஷின் சாப்பாடு போட்ட பையிலிருந்து வளியை எடுத்து வாயை ஒட்டும், அவ்வளவுதான். வெக்கையை எடுக்காது. எங்கள் ஊரில் சாப்பாடு பழுதாவதற்குப் பெரிய காரணம் வெக்கைதான்.

எங்கள் குசினியில் மூன்று வருடமாக ஒன்று இருக்கிறது. பெரியண்ணா கனடாவிலிருந்து கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பினார். மேசையில் தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பின்பக்கத் தகட்டைப் பார்த்தால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பார்க்காமல் செருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். அது வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, மாற்றாது. 60க்கென்று செய்த மோட்டார் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் கூட ஏறும். அதனால் ஐந்தாறு பை போட்டுவிட்டு மெஷினை ஆறவிடுகிறோம். உங்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. லண்டன் கரண்டும் நம் கரண்டும் ஒன்றுதான். பழைய வீடு என்றால் சுவரில் உருண்டை முள் சொக்கெற் இருக்கும், அதை மட்டும் மாற்ற வேண்டிவரும்.

சரி, இது சாதாரண சீலரிலிருந்து எப்படி வேறுபடுகிறது? கடையில் மலிவாகக் கிடைக்கிற சீலர் பையின் வாயை மட்டும் கவ்விக்கொண்டு உள்ளேயிருக்கிற வளியை உறிஞ்சும். உள்ளே குழம்பு இருந்தால் வளியோடு குழம்பும் வரும். சேம்பர் வகையில் பையை முழுதாகப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியை மூடுகிறோம். பெட்டியில் இருக்கிற வளி கிட்டத்தட்ட முழுக்க வெளியே போகிறது. பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அமுக்கம் என்பதால் குழம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் ஒரு சூட்டுக் கம்பி பையின் வாயை ஒட்டும். கடைசியில் வெளி வளி பெட்டிக்குள் திரும்பி நுழையும்போது, பலூன் மாதிரி உப்பிக் கிடந்த பை ஒரு நொடியில் சுருங்கி மீன் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். மூடி கண்ணாடி மாதிரி இருப்பதால் எல்லாம் தெரியும். எங்கள் வீட்டுச் சின்னன்கள் அதைப் பார்க்கவென்றே வந்து நிற்பார்கள்.

முதல் நாள் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். 'திரவமும் போடலாம்' என்று எழுதியிருந்ததை நம்பி, அடுப்பால் இறக்கிக் கொஞ்சம் ஆறவைத்த இறால் கறியைப் பையில் ஊற்றிப் போட்டேன். அரை நிமிடம் போகவில்லை, கறி குமிழி விட்டுக் கொதிக்கத் தொடங்கிவிட்டது. போடும்போது தொட்டுப் பார்த்தது கைபொறுக்கும் சூடுதான், ஆனால் உள்ளே அடுப்பில் இருப்பதுபோலத் தளதளவென்று கொதிக்கிறது. நான் நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் மூடியின் உட்பக்கம் முழுக்கச் சிவப்பு.

இது மெஷினின் பிழை இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம்தான். அமுக்கம் குறையக் குறைய நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சாதாரண வளியமுக்கம் 1013 மில்லிபார். அது 42 மில்லிபார் அளவுக்கு இறங்கினால் 30 பாகைத் தண்ணீரே கொதிக்கும். நம் குசினியின் சாதாரண வெப்பம் அதுதான். 5 பாகைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொதிக்க 9 மில்லிபாருக்குக் கீழே போக வேண்டும். ஆகவே கறி, சொதி, சாறு எதுவானாலும் முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் மெஷினுக்குள் போக வேண்டும். மீன் துண்டங்களைக் கூட நான் ஒரு மணித்தியாலம் பிரீசரில் தட்டில் பரப்பி, மேல்தோல் இறுகிய பிறகே பையில் போடுகிறேன்.

அந்தக் கொதிப்பில் எழும்பிய நீராவி, வளியை இழுக்கிற பம்புக்குள் போய் அதன் எண்ணெயில் கலந்துவிட்டது. கண்ணாடித் துவாரத்தால் பார்த்தால் எண்ணெய் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற தம்பி "எஞ்சின் ஓயில் விட்டாச் சரி அக்கா" என்றான். நல்ல காலம், விடவில்லை. வக்கியூம் பம்புக்கென்றே எண்ணெய் இருக்கிறது, அதைத்தான் விட வேண்டும். எண்ணெய் லேசாக வெளுத்தால் வெறும் பெட்டியைச் சில தடவை ஓடவிட்டாலே ஈரம் போய்விடும். தேங்காய்ப்பாலாகவே மாறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். எண்ணெயே தேவையில்லாத உலர் பம்பு வகையும் உண்டு. அது எண்ணெய்ப் பம்பு அளவுக்கு வளியை இழுக்காது, ஆனால் வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது முக்கியமான விஷயம். வக்கியூம் பண்ணினால் சாப்பாடு பழுதாகாது என்று சொல்லி உங்களிடம் யாராவது வந்தால் நம்பாதீர்கள். போன வருடம் சித்தியின் மகன் ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது, "அக்கா, நண்டுக் கறியை வக்கியூம் பண்ணித் தாங்கோ, சூட்கேசில போட்டுக்கொண்டு போறன்" என்று நின்றான். நான் மறுத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

காரணம் இதுதான். பிரிட்ஜுக்கு வெளியே வைத்த கறி பழுதானால் மணக்கும், நுரைக்கும், நாங்கள் கொட்டிவிடுவோம். அப்படி மணக்கவைக்கிற கிருமிகளில் பலவற்றுக்கு வளி வேண்டும். வளியை எடுத்துவிட்டால் அவை அடங்கிவிடும். ஆனால் வளி இல்லாத இடத்தில்தான் வளருகிற ஒரு கிருமி இருக்கிறது, குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதன் வித்துகள் சாதாரணச் சமையலில் சாகாது. ஈரமும், புளிப்பில்லாத சாப்பாடும், வெக்கையும் சேர்ந்தால் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். மணத்தை வைத்து அதைப் பிடிக்க முடியாது. அதில் சில வகைகள் 3 பாகைக்கு மேலேயே வளரும், அதாவது பிரிட்ஜுக்குள்ளேயே. விமானத்திலும் விமான நிலையத்திலும் ஒரு நாளுக்கு மேல் சூட்கேசில் கிடக்கிற நண்டுக் கறி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவனுக்குக் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் கறித்தூளும் கட்டிக் கொடுத்தேன். அவை காய்ந்த சாமான், அதில் இந்தப் பயம் இல்லை.

இதே காரணத்தால், வக்கியூம் பண்ணி உறையவைத்த மீனை இளக வைக்கும்போது பையை முதலில் வெட்டித் திறந்துவிட்டு, பாத்திரத்தில் வைத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் விடுங்கள். மூடிய பையோடு இளக விடக்கூடாது, மேசையில் வைத்து இளக்கவும் கூடாது. பலரும் கவனிக்காத விஷயம் இது. இன்னொன்று, சூரை, சூடை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்துவிட்டால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு உறையவைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. வாங்கிய உடனேயே ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். மீன் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மெஷின் அதைத் திருத்தாது.

இனி நல்லதைச் சொல்கிறேன், அதுவும் நிறைய இருக்கிறது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. ஆனால் அந்தக் காலத்தில்தான் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள், தேர் தீர்த்தம் முடிந்த கையோடு மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற் கூழ் கேட்பார்கள். அதனால் கொடியேற முதல் பாசையூருக்குப் போய் அறக்குளா, நண்டு, இறால், கணவாய் எல்லாம் வாங்கித் துப்புரவாக்கிப் பை பையாகப் பிரித்து வைப்பேன். ஒரு பை ஒரு கூழுக்கு. முன்பு சொப்பிங் பாக்கில் சுற்றி வைத்த அறக்குளாத் துண்டு ஒரு மாதத்தில் ஓரம் வெளுத்துப் பஞ்சாகிவிடும். மீனைச் சுற்றியிருக்கிற வளிக்குள் ஐஸ் மெதுவாக ஆவியாகிப் போவதால் வருகிற கோளாறு அது. வக்கியூம் பண்ணிய பையில் மீனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இடமே இல்லை. மாதக்கணக்காக வைத்து எடுத்தாலும் வெட்டிய நாள் மாதிரியே இருக்கிறது. எண்ணெய்ப் பிடிப்புள்ள மீனில் வருகிற காறலும் குறைவு.

நண்டுக்கு மட்டும் ஒரு கவனம். கால் நுனியும் ஓட்டு முள்ளும் பையைக் குத்தும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போதும், மறுநாள் பார்த்தால் பை தளர்ந்து கிடக்கும். நான் கூர் இருக்கிற இடங்களில் சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்டை நாலாக மடித்துச் சுற்றிவிடுகிறேன். புழுக்கொடியலும் இதே குணம், ஓரம் கத்தி மாதிரி.

கறித்தூளுக்கு இந்த மெஷினை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியாது. வீட்டில் வறுத்து மில்லில் அரைத்த தூள், போத்தலில் மூன்று மாதத்தில் நிறமும் மணமும் இறங்கிவிடும். சின்னச் சின்னப் பையாக வக்கியூம் பண்ணி இருட்டில் வைத்தால் திறக்கும்போது கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் முகத்தில் அடிக்கும். இரண்டு விஷயம் பாருங்கள். மில்லில் இருந்து வந்த சூட்டோடு போடக்கூடாது, முழுக்க ஆற வேண்டும். பையின் வாயை வெளிப்பக்கமாக ஒரு சாண் மடித்துவிட்டுத் தூளைக் கொட்டி, பிறகு மடிப்பை நிமிர்த்துங்கள். ஒட்டுகிற இடத்தில் ஒரு சிட்டிகை தூள் பட்டால் போதும், ஒட்டாது. தூளுக்கு மேல் ஒரு டிஷூவை மடித்து வைத்தால் பறக்காது.

அரிசி, பயறு, உழுந்துக்கும் அப்படியே. செங்கல் மாதிரி இறுகிவிடும், வண்டுக்கு மூச்சுவிட வளி இல்லை. கருவாடு என்றால் ஒடித்தால் முறிகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். மாரியில் அரைகுறையாகக் காய்ந்ததை வக்கியூம் பண்ணி அலுமாரியில் வைக்காதீர்கள், அது பிரீசருக்குத்தான். தேங்காய்ப்பூவைத் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் புத்தகம் மாதிரி அடுக்கலாம், வேண்டிய அளவு முறித்து எடுக்கலாம். முருங்கைக்காயை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஈரம் துடைத்து வையுங்கள். பச்சைக் கோவாவை (முட்டைக்கோஸ்) அப்படியே போட்டால் அது வாயு விட்டுப் பையை ஊதவைக்கும். உரித்த உள்ளி, வெங்காயம் பச்சையாக வேண்டவே வேண்டாம்.

பருத்தித்துறை வடையையும் பயற்றம் பணியாரத்தையும் முழு வக்கியூமில் போட்டு நொறுக்கியவள் நான்தான். பை சுருங்குகிற அந்த ஒரு நொடியில் வடை தூளாகிவிட்டது. இப்போது பம்பை இரண்டு மூன்று செக்கனோடு நிறுத்தி வாயை மட்டும் ஒட்டுகிறேன். கரகரப்புப் போகாமல் இருக்க அதுவே போதும்.

கரண்ட் போவதையும் யோசிக்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின் நிலையத்துக்குள் புகுந்து நாட்டையே இருட்டாக்கியது. நிரம்பிய டீப் பிரீசரைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். அப்போது பையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறையவிடலாம். இளகி வெதுவெதுப்பாகிவிட்டால், வக்கியூம் பண்ணியதுதானே என்று வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள். எனக்கும் மனம் வராது, ஆனாலும் கொட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் அம்மா. மீன் போட்ட பெட்டிக்குள் தன் மோர்மிளகாய் போகக் கூடாது என்று நிற்கிறா. மச்சம் ஒரு நாள், மரக்கறி ஒரு நாள், நடுவில் தேசிக்காய்த் தண்ணீரால் துடைப்பது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். மூடியின் ரப்பர் வளையத்தில்தான் மணம் தங்கும், அதைக் கழற்றித் துடையுங்கள்.

அக்காவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பம்பு எண்ணெய் வகையா உலர் வகையா, சூட்டுக் கம்பி எத்தனை சென்ரிமீற்றர், உங்கள் மேசைக்கு மேலே இருக்கிற அலுமாரிக்குக் கீழே மூடியைத் திறக்க இடம் விடுகிற உயரமா. எங்களுடையதைத் திறக்க மேலே இடம் போதாமல் இப்போது தையல் மெஷின் மேசையில் இருக்கிறது. பை மட்டும் இங்கே எனக்கு நேரத்துக்குக் கிடைப்பதில்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன். சேம்பர் மெஷினுக்குக் கோடு கோடாக மேடு வைத்த பை தேவையில்லை, மலிவான வழுவழுப்பான பையே போதும். பெட்டியில் மெஷினைச் சுற்றி எப்படியும் இடம் மிஞ்சும், அதில் பைக் கட்டுகளை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.