ஒன்பதாம் இலக்கச் சட்டை யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் ஒன்பதாம் இலக்கச் சட்டையுடன் பல ஆண்டுகள் முன்வரிசையில் ஆடிய வீரர் ஒருவர், யாழ்ப்பாணத்துக் கழகமொன்று வேலையும் தேடித் தந்து அழைத்ததால் அங்கே போனார். சென்ற ஆண்டுச் சுற்றுப்போட்டியில் எங்களுக்கு எதிராகவே கோல் போட்டார். இப்போது 32 வயதில் ஊருக்குத் திரும்பி, மீண்டும் எங்கள் அணியில் ஆட விரும்புகிறார். அவர் துரோகி, சேர்க்கவே கூடாது என்கிறது ஒரு பகுதி. ரொனால்டோவையே இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைட்டெட் கழகம் திரும்ப எடுத்தது, நாங்கள் மறுக்க யார் என்கிறது மற்றப் பகுதி. வாசிகசாலையில் பேச்சு முற்றிக் கைகலப்பு வரை வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஆடும் தம்பிக்கு 19 வயது. அவர் எதுவும் சொல்லவில்லை. உங்கள் கருத்து என்ன?

– கழக ஆதரவாளர்கள் சிலர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: அந்தத் தம்பி ஏன் எதுவும் சொல்லவில்லை என்று உங்களில் ஒருவராவது அவரிடம் கேட்டீர்களா? ஊரே பெயர் சொல்லும் மூத்த வீரர் ஒருவர் தன்னுடைய இடத்துக்குத் திரும்பி வருகிறார் என்றால், 19 வயதுப் பிள்ளை பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து என்ன சொல்ல முடியும்? கேள்வியின் கடைசி வரிகளில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டுச் சென்ற அவரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன், உங்கள் இரண்டு பகுதியினரின் வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

துரோகி என்ற பழியை இன்றோடு கைவிடுங்கள். அந்தப் பழி இந்த மண்ணில் எத்தனை குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்பதை வன்னியில் வாழ்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பிழைப்புக்காக ஊர் மாறிய ஓர் உதைபந்தாட்ட வீரர் மீது அதைச் சுமத்துவதை என்னால் ஏற்க முடியாது. இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விதைக்கிறவர்களுக்கு மாரிகாலத்துக் காலபோகம் கிடைத்தாலும், சிறுபோகத்துக்குக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு பகுதிக் காணிக்குத்தான் தண்ணீர் விடப்படுகிறது. சொந்தக் காணியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பங்கும் இல்லை. மாதச் சம்பளமும் ஆடுவதற்கு ஓர் அணியும் ஒரே இடத்தில் கிடைத்தபோது அவரைப் போகாதே என்று மறிப்பதற்கு உங்கள் கழகத்தின் கையில் என்ன இருந்தது? ஆட்டத்துக்கான சப்பாத்தைக்கூட அவரவர் காசில் வாங்குவதுதானே நம்முடைய கிராமத்துக் கழகங்களில் வழமை?

எங்களுக்கு எதிராகவே கோல் போட்டார் என்று குறைப்படுகிறீர்கள். போடாமல் விட்டிருந்தால்தான் நீங்கள் அவரைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அணிந்திருக்கும் சட்டைக்கு உண்மையாக ஆடாத ஒருவரை நாளைக்கு உங்கள் கழகமும் நம்ப முடியாது. மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்காக 237 கோல்கள் போட்ட டெனிஸ் லோ, 1973இல் அந்தக் கழகம் தன்னை விடுவித்த பின் அதே நகரத்து மன்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். 1974 ஏப்ரல் 27ஆம் திகதி ஓல்ட் டிரஃபோர்ட் மைதானத்தில், தன்னை வளர்த்த ஆதரவாளர்களின் கண்முன்னே, அவர் குதிகாலால் தட்டிய பந்து யுனைட்டெட்டின் வலைக்குள் போனது. அவர் கொண்டாடவில்லை, முகம் வாடி நின்றார். அந்தப் பருவத்தோடு யுனைட்டெட் முதற்பிரிவிலிருந்து இறங்கியது, மற்ற ஆட்டங்களின் முடிவுகளைப் பார்த்தால் அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும். இன்று அதே மைதானத்தின் முன்னால் ஜோர்ஜ் பெஸ்ட், பொபி சார்ள்டன் ஆகியோருக்குப் பக்கத்தில் டெனிஸ் லோவுக்கும் சிலை இருக்கிறது. ஒரு கோலுக்காக அவருடைய 237 கோல்களையும் மறந்துவிட அந்த ஆதரவாளர்கள் விரும்பவில்லை.

இனி, ரொனால்டோவைச் சாட்சிக்கு அழைத்தவர்களிடம் வருகிறேன். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை இரவு ஒன்றரை மணிக்குக் கண்விழித்துப் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆகவே அந்தக் கதையை அவர் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்தோடு நிறுத்திவிடாமல் முழுவதையும் பார்ப்பதுதான் நேர்மை. 2003 முதல் 2009 வரை அங்கே ஆடிய ரொனால்டோ, 2021 ஓகஸ்ட் மாதத்தில் 36 வயதில் ஜுவென்டஸிலிருந்து திரும்பினார். செப்ரெம்பர் 11ஆம் திகதி நியூகாசில் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் போட்டார், மைதானமே எழுந்து நின்றது. அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 24, லீக்கில் மட்டும் 18 என அவர் தன் பங்குக்குக் கோல்களைக் குவித்தார். அணிக்கு என்ன நடந்தது? அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் யுனைட்டெட் லீக்கில் 73 கோல்கள் போட்டு 74 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் இருந்தது. அவர் வந்த பருவத்தில் 57 கோல்கள், 58 புள்ளிகள், ஆறாமிடம். எதிரணிகளிடம் வாங்கிய கோல்களோ 44இலிருந்து 57 ஆக உயர்ந்தன. கோல் போடுவதற்கென்றே அழைத்து வரப்பட்டவர் சொன்னபடி கோல் போட்டும், அணி மொத்தமாகப் போட்ட கோல்கள் 16 குறைந்திருக்கின்றன என்பதைச் சற்று நிதானித்து யோசியுங்கள்.

பழி முழுவதையும் அவர் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. பருவத்தின் நடுவிலேயே பயிற்றுவிப்பாளர் சொல்ஷார் நீக்கப்பட்டார். ஐரோப்பியக் குழுநிலை ஆட்டங்களில் கடைசி நிமிடங்களில் அணியைக் காப்பாற்றியவரும் இதே ரொனால்டோதான். ஆனால் முன்வரிசையிலிருந்தே ஓடிப்போய் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் வேலையை 36 வயதுக்காரரிடம் எதிர்பார்க்க முடியாதபோது, அந்த ஓட்டத்தை மற்றப் பத்துப்பேரும் பங்கிட்டுச் சுமக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் கழகத்தையும் பயிற்றுவிப்பாளரையும் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் அவர் வெளிப்படையாகக் குறைகூற, இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன.

ரொனால்டோ வந்திறங்கியபோது, அவர் முன்பு அணிந்த ஏழாம் இலக்கச் சட்டை எடின்சன் கவானியிடம் இருந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முந்தைய பருவத்தில் 17 கோல்கள் போட்டிருந்த கவானி அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு 21ஆம் இலக்கத்துக்கு மாறினார். அந்தப் பருவத்தில் அவர் போட்டவை வெறும் 2 கோல்கள். காயங்களும் அதற்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அணியில் இனி யாரை நடுவில் வைத்து எல்லாம் நடக்கப்போகிறது என்பது, சட்டை கைமாறிய அன்றைக்கே எல்லா வீரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் கழகமான ஆர்சனல் செய்ததைப் பாருங்கள். 2012 ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிகளுக்காக ஜெர்வினோவும் ஷமாக்கும் தத்தம் நாடுகளுக்குப் போகவேண்டியிருந்ததால் முன்வரிசையில் வெற்றிடம் உண்டானது. அந்த இடைவெளியை நிரப்ப, அப்போது நியூயோர்க்கில் ஆடிக்கொண்டிருந்த 34 வயது தங்கள் பழைய வீரர் தியரி ஹென்றியை அவருடைய கழகத்திடமிருந்து குறுகிய காலத்துக்கு இரவலாக அழைத்தார்கள். கழகத்தின் வரலாற்றிலேயே மிக அதிக கோல்கள் போட்டவர் அவர். அதற்கு முந்தைய மாதத்தில்தான் மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை திறந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு உரிய 14ஆம் இலக்கச் சட்டை அப்போது தியோ வோல்கொட் என்ற இளைஞரிடம் இருந்தது. அதை யாரும் பறிக்கவில்லை. ஹென்றி 12ஆம் இலக்கத்தை அணிந்துகொண்டு மாற்று வீரர்களின் வாங்கில் போய் உட்கார்ந்தார். லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் இறங்கி, அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். சண்டர்லாந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோலையும் போட்டுக் கொடுத்துவிட்டு, காலம் முடிந்ததும் நியூயோர்க் திரும்பினார். கழகத்துக்கு என்ன தேவை, எவ்வளவு காலத்துக்குத் தேவை, யாருடைய இடத்தையும் பறிக்காமல் அதை எப்படி நிறைவேற்றுவது என்ற மூன்றையும் அவர் வருமுன்பே தீர்த்து வைத்திருந்தார்கள். 2014இல் தன் பழைய கழகமான செல்சிக்குத் திரும்பிய டிடியர் ட்ரொக்பாவும் டியகோ கொஸ்தாவுக்கு அடுத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, லீக்கில் 4 கோல்களே போட்டு, வெற்றிக் கிண்ணத்தோடு விடைபெற்றார்.

ஆகவே என் பதில், அவரைச் சேருங்கள் என்பதே. ஆனால் ஹென்றி வந்த முறையில் சேருங்கள். ஒன்பதாம் இலக்கச் சட்டை அந்தத் தம்பியிடமே இருக்கட்டும். மூத்தவர் மற்ற எல்லாரையும்போல முதல்நாள் பயிற்சியிலிருந்து வரட்டும். அணியில் யார் தொடங்குவது என்பதைப் பயிற்றுவிப்பாளர் மட்டும் தீர்மானிக்கட்டும். வாசிகசாலையில் கைதூக்கி எண்ணித் தீர்மானிக்கிற காரியம் இதுவல்ல. வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குத் தொடங்கும் பயிற்சியில் அவர் எத்தனை நாள் நின்று பிடிக்கிறார், ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களுக்கு இறங்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் இறங்குகிறாரா என்பதை இரண்டொரு மாதங்களில் எல்லோரும் கண்டுகொள்வீர்கள். இதற்குச் சம்மதிக்காமல், சட்டையும் தலைமைப் பொறுப்பும் தந்தால்தான் வருவேன் என்று அவர் சொன்னால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

அவர்மீது உங்களுக்குள்ள பாசத்தை நான் குறைத்து எண்ணவில்லை. 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறிய காலத்தில், பற்றை மண்டிக் கிடந்த மைதானங்களைத் துப்புரவாக்கி, மரக்கட்டைகளைக் கோல் கம்பங்களாக நட்டு, கழகங்களுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர்கள் அவருடைய வயதுக்காரர்கள். கிண்ணங்களும் பதிவேடுகளும் குழுப்படங்களும் இடப்பெயர்வில் தொலைந்துபோன கழகங்களுக்கு, பழைய அணி எப்படி ஆடியது என்று சொல்லக்கூடிய அந்தத் தலைமுறைதான் மிஞ்சியிருக்கிறது. தடுப்பாளரை முதுகில் தாங்கிக்கொண்டு, வரும் பந்தை உள்ளங்காலால் அடக்கி, தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்பும் வித்தையை அந்தத் தம்பி கைப்பேசித் திரையில் நூறு தடவை பார்த்திருப்பார். பக்கத்தில் நின்று காலைப் பிடித்துத் திருத்துவதற்கு ஓர் ஆள் அவருக்கு இருந்ததில்லை. மூத்தவர் உங்கள் கழகத்துக்குக் கொடுக்கக்கூடியவற்றில் இதுவே பெரியது. 17 வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சியையும் வாரத்தில் ஒரு மாலையாவது அவரிடம் ஒப்படையுங்கள்.

தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டியவர் பயிற்றுவிப்பாளர். நிர்வாகக் குழு கூடுவதற்கு முன், தனியாக அழைத்து, உன் இடம் உன் ஆட்டத்தைப் பொறுத்தது, வேறு யாருடைய வருகையையும் பொறுத்ததல்ல என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னபின் அந்தப் பிள்ளை பேசுவதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணக் கழகத்திடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெறும் வேலையைச் செயலாளர் இந்த வாரமே தொடங்கட்டும், ஏனென்றால் லீக்கில் வீரர்களைப் பதியும் காலம் முடிந்துவிட்டால் உங்கள் இரண்டு பகுதியினரின் வாதத்துக்கும் இந்தப் பருவத்தில் வேலையில்லாமல் போய்விடும்.

– ஆசிரியர்