ஏற்காட்டில் சைக்கிள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

லீவு விட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கு மட்டும் பதில்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: முதல் மலை சைக்கிள், 20,000 ரூபாய்க்குள். எது வாங்கலாம்?

உங்கள் உயரத்துக்குப் பொருந்துவது எதுவோ அது. இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் நடுக்குழாய்க்கு மேலே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இந்த விலையில் பின்னாலும் ஸ்பிரிங் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடைதான் மிச்சம்.

ஓமலூர் தம்பி: அண்ணா, அடிவாரம் பாதையில் இறங்கும்போது கை நடுங்குது. முன் பிரேக்கைத் தொட்டால் குட்டிக்கரணம்தான்னு அப்பா சொல்றார். பின் பிரேக் மட்டும் போதுமா?

போதாது தம்பி. பிரேக் பிடித்ததும் உடம்பின் பாரம் முன்னால் சாயும். முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கும்; பின் டயர் லேசாகி வழுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். குட்டிக்கரணம் வருவது பயத்தில் வெடுக்கென்று பிடித்து, கையை விறைத்து, சீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால். சீட்டை இறக்கு. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நில். குதிகாலைக் கீழே அமுக்கு, முழங்கையை மடக்கு, இடுப்பைப் பின்னால் தள்ளு. லிவர்மேல் ஒரு விரல், மெல்ல மெல்ல அழுத்து.

அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவு. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடு, உள்ளே போன பிறகு அல்ல. கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வெளியேறும் இடத்தில் இருக்கணும். வழி நெடுகத் தேய்த்துக்கொண்டே இறங்காதே. பிடி, விடு, ஆறட்டும். நின்றதும் டிஸ்க்கை, அதான் பிரேக் கவ்வும் உலோகத் தட்டை, தொடாதே, கொதிக்கும். என் ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்புறம், மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

ஆத்தூர் பெரியவர்: நாற்பது வருசமா சைக்கிள் மிதிக்கிறேன். முன் பிரேக்கால் பல்லு போனவன் நான். சின்னப் பசங்களுக்கு இப்படிச் சொல்லித்தரலாமா?

ஐயா, பல்லுக்கு வருந்துகிறேன். ஒரு சோதனை செய்யுங்கள். சமதளத்தில் சாக்பீஸில் ஒரு கோடு. ஒரே மிதமான வேகத்தில் வந்து, கோட்டில் பின் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்துங்கள், அளங்கள். அடுத்த முறை இரண்டையும் மெல்லச் சேர்த்து. அளங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: பெரியவர் சொல்வதுதான் சரி. எஸ்டேட் மண்பாதையில் முன் பிரேக் பிடித்துத்தான் விழுந்தேன்.

எங்கே விழுந்தீர்கள்? சில்வர் ஓக் சருகு மேலேயா? கோடை மழை பெய்த செம்மண்ணிலா? திரும்பிக்கொண்டே பிடித்தீர்களா? அப்படியென்றால் விழத்தான் செய்வீர்கள். காய்ந்த சருகுக்கு அடியில் வேரும் கல்லும் ஒளிந்திருக்கும். அங்கே நேராகப் போகும்போதே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். தப்பு பிரேக்கில் இல்லை, பிடித்த இடத்தில். அந்தப் பாதை எஸ்டேட்காரருடையது, கேட்டுக்கொண்டு போனீர்களா என்பது வேறு கேள்வி.

மேட்டூரிலிருந்து: எந்த சைக்கிள் நல்லது?

முதல் பதில்.

அழகாபுரத்திலிருந்து: சேர்வராயன் பக்கம் காட்டுக்குள்ளே போகலாமா? யாரும் பார்க்கமாட்டாங்க.

காட்டுமாடு பார்க்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். கோடையில் ஒரு பொறி போதும். தார் ரோட்டிலேயே கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது.

ஒரு அம்மா, அஸ்தம்பட்டி: முழங்கால் வலியோடு ஏற்காடு ஏறலாமா?

அது மருத்துவரிடம் கேட்க வேண்டியதுங்க. சேலம் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அந்த ஏற்றத்தைச் சொல்லியே கேளுங்கள். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தாலும் ஏறும்போது முழங்கால் வலிக்கும். ஏற்றத்துக்கு உயர்த்தி, இறக்கத்துக்குத் தாழ்த்தணும்.

கன்னங்குறிச்சியிலிருந்து: எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

விடிந்ததும். பத்து மணிக்கு அடிவாரம் அடுப்பு மாதிரி. கோடை விழா நாட்களில் போகவே வேண்டாம், கார் வரிசையில் நின்று புகைதான் குடிக்கணும்.

இளம்பிள்ளையிலிருந்து: அண்ணா, 20,000க்குள் எது...

தம்பி.

ஆத்தூர் பெரியவர், மறுபடி: எங்க தெருவில் அளந்தாச்சு. பின் பிரேக் பதினோரு அடி, இரண்டும் சேர்த்து ஆறு. ஆனாலும் பேரனுக்குச் சொல்லமாட்டேன்.

ஐயா, பேரனை ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் அனுப்புங்கள். சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன்.