கிறிஸ்தவ நம்பிக்கையை மையமாகக் கொண்ட ப்ரோக்ரசிவ் ராக் இசைக்குழு ஏதாவது உண்டா? அது எப்படித் தொடங்கியது?

உண்டு, சில குழுக்கள் உண்டு. ஆனால் முதல் நாளிலிருந்தே இந்த நம்பிக்கையும் இந்த இசையும் ஒன்றாகவே இருந்த குழு எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் அயோனா. பிரிட்டனில் 1989-ல் தொடங்கிய குழு. இருபது வருடங்களுக்கு மேலாக நான் விடாமல் கேட்டுவரும் குழுவும் இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோக்ரசிவ் ராக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மூன்று நிமிடப் பாட்டில் அடங்காத ராக் இசை அது. பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், மெட்டு வேறு பக்கம் போய்த் திரும்பி வரும். ஒரு ஆல்பம் முழுவதும் ஒரே பொருளைப் பேசுவதும் சகஜம்.

அயோனாவுக்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கம் வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் குழுவில் முக்கியமான பாட்டுகளை எழுதிய கெர்ரி லிவ்கிரன் 1979-ல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவர் எழுதிய வரிகளின் திசை மாறியது. நீல் மோர்ஸ் 2002-ல் தன் ஸ்பாக்ஸ் பியர்ட் குழுவை விட்டு வெளியே வந்து, அடுத்த வருடமே தன் சாட்சியை, அதாவது தான் விசுவாசத்துக்கு வந்த கதையை, இரண்டு சிடி நீளத்துக்குப் பாடினார். இவர்கள் இருவரும் பெயர் வாங்கிய பிறகு மனம் திரும்பியவர்கள். லண்டனின் ஆஃப்டர் த ஃபயர் குழு கதை நேர் எதிர். விசுவாசிகளாகவே சேர்ந்து, 1978-ல் முதல் ஆல்பத்தை ப்ரோக் இசையாகவே தாங்களே வெளியிட்டார்கள். அடுத்த ஆல்பத்துக்குள் காலத்துக்கு ஏற்றபடி நியூ வேவ் என்ற புதுப் பாணி பாப்-ராக் பக்கம் போய்விட்டார்கள். குட்டையான, வேகமான பாட்டுகளைக் கொண்ட பங்க் ராக் அலை அடித்த பிறகு பிரிட்டனில் நீளமான ராக் பாட்டுகளுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் 1989-ல் அயோனா தொடங்கியது எவ்வளவு துணிச்சல் என்பது புரியும்.

தொடங்கியவர்கள் மூன்று பேர். கிட்டார், கீபோர்டு இரண்டிலும் கைதேர்ந்த டேவ் பெய்ன்பிரிட்ஜ். சாக்ஸபோன், புல்லாங்குழல், ஐரிஷ் குழலான விசில் என்று ஊதும் கருவி எதைக் கொடுத்தாலும் வாசிக்கும் டேவிட் ஃபிட்ஸ்ஜெரால்ட். அப்புறம் வட அயர்லாந்துப் பாடகி ஜோஆன் ஹாக். ஆண்கள் இருவரும் அதற்கு முன்பே ஏட்ரியன் ஸ்னெல் என்ற கிறிஸ்தவப் பாடகரின் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். ஒருவர் மூச்சு எங்கே நிற்கும் என்று மற்றவருக்குத் தெரியும். அதன் மேல் ஹாக்கின் குரல் வந்து உட்கார்ந்தது. அலட்டல் இல்லாத, தண்ணீர் போன்ற குரல். உச்சத்துக்குப் போகும்போதும் கத்தாது.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுவின் இசை முழுக்க அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அயோனா ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. நீளம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான். கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற துறவி பன்னிரண்டு பேரோடு அங்கே வந்து இறங்கினார். ஐரிஷ் மொழியில் அவரைக் கொலும்கில் என்பார்கள். சபையின் புறா என்று பொருள். அவர் ஏன் சொந்த மண்ணை விட்டு வந்தார் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. தன் குருவிடம் இருந்த, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்தை அவருக்குத் தெரியாமல் பிரதி எடுத்துவிட்டார். பிரதி யாருக்குச் சொந்தம் என்று வழக்கு ராஜாவிடம் போனது. பசு யாருடையதோ கன்றும் அவருடையதே, புத்தகம் யாருடையதோ பிரதியும் அவருடையதே என்று தீர்ப்பு வந்தது. சண்டை மூண்டு பலர் செத்தார்கள். அந்தப் பாரத்தோடு அவர் கடல் கடந்தார் என்று கதை போகிறது. கதை எப்படியோ, அவர் கட்டிய மடம் வட பிரிட்டனுக்கே சுவிசேஷம் போன வாசலாக ஆனது. புத்தகங்களைக் கையால் எழுதிப் பிரதி எடுப்பது அங்கே அன்றாட வேலை.

குழுவின் பெயரையே தலைப்பாக வைத்த முதல் ஆல்பம் 1990-ல் வந்தது. அதில் கொலும்கில் வருகிறார், தீவின் வெள்ளை மணல் வருகிறது, காட்டு வாத்து பறக்கிறது. அந்த வாத்து, 1938-ல் ஜார்ஜ் மெக்லியோட் என்ற போதகர் தொடங்கிய அயோனா சமூகத்தின் சின்னம். மெக்லியோடும் அவரோடு இருந்தவர்களும்தான் இடிந்து கிடந்த பழைய மடத்துக் கட்டடங்களை மறுபடி எழுப்பினார்கள். ஆல்பத்தை இப்போது கேட்டால் ஒரு குழு தன் குரலைத் தேடிக்கொண்டிருப்பது தெரியும். சில இடங்களில் எண்பதுகளின் கீபோர்டு வாடை இருக்கிறது. ஆனால் விசிலும் சாக்ஸபோனும் மட்டும் தனியாக நிற்கும் இடங்களில், இவர்கள் போகப்போகும் வழி தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு ட்ரம்ஸுக்கு டெர்ல் பிரையன்ட்டும் பேஸுக்கு நிக் பெக்ஸும் வந்து சேர்ந்தார்கள். பெக்ஸை எண்பதுகளின் பாப் இசை கேட்டவர்களுக்குத் தெரியும். காஜாகூகூ குழுவில் இருந்து 1983-ல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டில் வாசித்தவர். அவர் கையில் சாப்மன் ஸ்டிக் என்ற கருவி இருந்தது. கிட்டாரின் கழுத்தை மட்டும் அகலமாக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். மீட்டுவது கிடையாது, இரண்டு கை விரல்களாலும் தந்திகளைத் தட்டுவார்கள். ஒரு கை கீழ் ஸ்தாயி, இன்னொரு கை மெட்டு என்று ஒரே ஆள் இரண்டு வேலை செய்யலாம்.

இந்தக் கூட்டணியில்தான் 1992-ல் கெல்ஸ் புத்தகம் என்ற ஆல்பம் பிறந்தது. இந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்ததே இதைப் பற்றிச் சொல்லத்தான்.

கெல்ஸ் புத்தகம் என்பது நான்கு சுவிசேஷங்களின் லத்தீன் கையெழுத்துப் பிரதி. சுமார் கி.பி. 800-ல், கன்றுக்குட்டித் தோலில் எழுதி வரைந்தது. அயோனா மடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது பல அறிஞர்களின் கருத்து. 806-ல் வைக்கிங்குகள் அயோனாவில் 68 பேரைக் கொன்ற பிறகு துறவிகள் அயர்லாந்தின் கெல்ஸுக்குப் போனார்கள்; புத்தகத்துக்கு அந்த ஊரின் பெயர் நிலைத்தது. 1007-ல் யாரோ அதைத் திருடினார்கள். தங்க அட்டையைக் கழற்றிக்கொண்டு ஏடுகளை மண்ணில் போட்டுவிட்டார்கள். சில மாதங்கள் கழித்துப் புல்தரைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். இப்போது டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை இவர்கள் இசையாக்கிய விதம்தான் முக்கியம். சுவிசேஷ வசனங்களை எடுத்து மெட்டுப் போடவில்லை. புத்தகத்தின் பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் கன்று, யோவானுக்குக் கழுகு என்று அதில் உருவங்கள் உண்டு. நான்குக்கும் நான்கு இசைத் துண்டுகள். மத்தேயு மட்டும் பத்து நிமிடத்தைத் தாண்டும். அதற்கு அடுத்து வருவது கை-ரோ.

கை-ரோ என்பது கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து. புத்தகத்தில் 34-ஆம் தாளில் அது ஒரு பக்கம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. நாங்கள் வீட்டில் மத்தேயு முதல் அதிகாரம் வாசித்து வளர்ந்தவர்கள். பதினேழு வசனம் வம்ச வரலாறு போகும். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று பெயர் மேல் பெயர். பிறகு பதினெட்டாம் வசனம்: இயேசு கிறிஸ்துவினுடைய ஜெநநத்தின் விவரமாவது. அந்த இடத்தில்தான் கெல்ஸ் துறவி பேனாவை நிறுத்தி, முழுப் பக்கத்தையும் ஒரே பெயருக்குக் கொடுத்திருக்கிறார். லத்தீனில் மூன்று சொல்தான் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

டிரினிட்டி கல்லூரி அந்தப் புத்தகத்தை இணையத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. ஒரு ராத்திரி நான் அந்தத் தாளைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஹெட்போனில் மத்தேயுவிலிருந்து தொடங்கிக் கேட்டேன். முதலில் கண்ணுக்குத் தெரிவது பெரிய வளைவுகள். பெரிதாக்கினால் வளைவுக்குள் வளைவு, சுழிக்குள் சுழி. இன்னும் கீழே போனால், பக்கத்தின் அடியில் பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன; அவற்றின் முன்னால் எலிகள் நற்கருணை அப்பம் போன்ற ஒரு வட்டத்தைப் பிடித்து இழுக்கின்றன. பக்கத்திலேயே ஒரு நீர்நாய், வாயில் மீன். உலகத்தின் ராஜா பிறந்தார் என்று சொல்லும் பக்கத்தில், ஒரு துறவிக்குத் தன் மடத்துச் சமையலறை எலியையும் வரையத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காதில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த இசையும் அப்படித்தான் இருந்தது. ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் அதன் மேல் இன்னொரு இழை ஏறி, முதலில் கேட்டது எங்கே என்றே தெரியாத அளவுக்குப் பின்னிக்கொண்டு போகிறது.

நான் அப்போது எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். சரணங்களுக்கு நடுவே இரண்டு வரி கூடுதலாக வாசித்தாலே, பாட்டை மறைக்காதே தம்பி என்பார்கள். வார்த்தை இல்லாத இடத்தில் தேவனுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்; உண்மையைச் சொன்னால் என் எண்ணமும் அதுதான். பத்து நிமிடம் ஒரு சொல்கூட இல்லாமல் வாசித்து அதை ஜெபம் என்று நம்ப முடியும் என்பதை எனக்குக் காட்டியவர்கள் இவர்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது: ட்ராய் டொனாக்லி. முதல் சில ஆல்பங்களில் விருந்தினராக வந்தவர், பிறகு குழுவிலேயே சேர்ந்தார். பின்லாந்தின் மெட்டல் குழுவான நைட்விஷ் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், 2013-லிருந்து அந்தக் குழுவின் முழு உறுப்பினர் ஆனவர் அவர்தான். அவர் வாசிப்பது இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழல். வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கைக்கு அடியில் துருத்தி, மற்றதற்கு அடியில் காற்றுப் பை. துருத்தியை அமுக்கி அமுக்கிப் பையை நிரப்பிக்கொண்டே விரல்களால் வாசிக்க வேண்டும். உட்கார்ந்துதான் வாசிப்பார்கள்; குழலின் அடி தொடைமேல் நிற்கும். நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து போல, அடியில் ஒரு சுருதி விடாமல் ஒலிக்கும். முழு ராக் குழுவும் உச்சத்தில் இருக்கும்போது அதையும் மீறி அந்தக் குழல் எழும் இடங்கள்தான் அயோனாவின் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

கெல்ஸ் ஆல்பம் முடிந்ததும் ஃபிட்ஸ்ஜெரால்ட் இசைப் பட்டப்படிப்புக்காகக் குழுவை விட்டுப் போனார். தொடங்கிய மூவரில் ஒருவர் போவது பெரிய அடிதான். அவர் இடத்துக்கு மைக் ஹாட்டன் வந்தார். அடுத்து 1993-ல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்குப் புனித பிரெண்டனின் கடல் பயணம் முதுகெலும்பு. தோல் படகில் சொர்க்க பூமியைத் தேடிப் போன ஐரிஷ் துறவி அவர். தீவு என்று நினைத்து ஒரு திமிங்கலத்தின் முதுகில் இறங்கினார் என்று கதை உண்டு. அந்த ஆல்பத்தில் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃப்ரிப் வந்து கிட்டார் வாசித்தார். ப்ரோக் இசையின் பிதாக்களில் ஒருவர், ஒரு கிறிஸ்தவக் குழுவின் ஆல்பத்தில். இவர்களுடைய இசை சபைச் சுவர்களுக்கு வெளியேயும் காதில் விழுந்தது என்பதற்கு எனக்கு அது போதும்.

அதன் பிறகு 2016 வரை குழு இருந்தது, ஆட்கள் மாறினார்கள். பெய்ன்பிரிட்ஜும் ஹாக்கும் மட்டும் கடைசி வரை. நீங்கள் கேட்டது தொடக்கம் பற்றி என்பதால் பிந்தைய வருடங்களுக்குள் நான் போகவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்பினால் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள். நேராகக் கெல்ஸ் புத்தகத்துக்குப் போங்கள். பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடாமல் ஆல்பத்தில் இருக்கும் வரிசையிலேயே கேளுங்கள். கை-ரோ வரும்போது 34-ஆம் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, அடியில் அந்த எலிகளைத் தேடிப் பாருங்கள்.