விழுந்துகொடுக்கும் இணையர், விறைத்து நிற்கும் இணையர்: ஐகிடோவில் எது உண்மையான பயிற்சி?

கேள்வி: இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் வாசகர், வார இறுதிகளில் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயில்கிறார். பயிற்சி இணையர் ஒருவர் கை பட்டவுடனேயே விழுந்துவிடுகிறார். தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டும் வேலை செய்யும் அண்ணன் ஒருவரோ மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "இப்ப சாய்ச்சுப் பாரு தம்பி" என்கிறார். இவர்களில் யாருடன் பழகுவது உண்மையான பயிற்சி என்று அவர் கேட்கிறார்.

பதில்: இருவருமே உங்களுக்குத் தர வேண்டியதைத் தரவில்லை. முதலாமவர் தாக்கவே இல்லை. இரண்டாமவர் தாக்குவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தற்காப்பில் இறங்கிவிடுகிறார்.

ஐகிடோவில் உகே எனப்படுபவர், தாக்கிவிட்டு இறுதியில் விழுபவர். உண்மையாகத் தாக்குவதும், இயன்றவரை தம் சமநிலையைக் காத்துக்கொள்வதும், அது பறிபோன பிறகு உடம்பைக் காத்து விழுவதும் அவர் கடமை. ஷோமெனுச்சி என்ற நேரடித் தாக்குதலில் அவருடைய கை உங்கள் நெற்றிக்கு நேராக இறங்க வேண்டும். மெதுவாக வரலாம், ஆனால் நீங்கள் விலகாவிட்டால் அது நெற்றியில் பட்டே ஆக வேண்டும். விலகினாலும் விலகாவிட்டாலும் காற்றில் போய் முடியும் அடியை வைத்துக்கொண்டு எந்த உத்தியையும் கற்க முடியாது.

அண்ணனின் பிடியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உறுதியான பிடியிலிருந்து நகரப் பழகுவது அடிப்படைப் பயிற்சி; கத்தி பிடித்துப் பழகிய கை கிடைத்திருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. ஆனால் அடுத்து வருவது, கையை அழுத்தி அடக்கும் இக்கியோ உத்தி என்பது, ஆசிரியர் செய்துகாட்டியதால், அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே முழுப் பலத்தையும் அந்த ஒரு திசைக்கு எதிராகவே வைக்கிறார். வழியில் மறிக்கும் எவனுக்கும் அந்த முன்னறிவு இருக்காது. மணிக்கட்டைப் பிடிப்பதற்குரிய காரணம், எதிராளி வாளை உருவாமலோ அடிக்காமலோ தடுப்பதுதான். வேரூன்றி நிற்பவர் உங்கள் மற்றக் கையை மறந்துவிடுகிறார். அந்தக் கையை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரை கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். அவர் தலையைத் திருப்புவார் அல்லது கையை உயர்த்துவார். அக்கணமே பிடியின் விறைப்பு தளரும். அதேமி எனப்படும் இந்த அடி, உத்தியைத் திறக்கும் சாவி. ஆனால் கோதெகாயெஷி போன்ற மணிக்கட்டு உத்திகளில் பலத்துக்குப் பலம் காட்டாதீர்கள். முறுக்கில் தசைநார் பிசகினால் மறுநாள் அவரால் கத்தி பிடிக்க முடியாது. வேலைக்குப் போகாமல் பெயர் விழாத நாளின் சம்பளத்தை யார் கொடுப்பது?

முதலாமவரிடம் ஒரு சோதனை செய்யலாம். உத்தியின் நடுவில் நின்றுவிடுங்கள். அவர் சிரமமின்றி நிமிர முடிந்தால் நீங்கள் இன்னும் சமநிலையைப் பறிக்கவில்லை. அவர் விழுந்திருந்தால் அது அவருடைய நல்லெண்ணம். நிமிர முயன்றும் கால் எடுத்து வைக்காமல் நிற்க முடியவில்லையென்றால் உத்தி வேலை செய்கிறது. "முடிந்தால் நிமிர்ந்து விடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்" என்று வணக்கம் செலுத்தும்போதே சொல்லிவிடுங்கள். பலர் மரியாதை கருதித்தான் விழுகிறார்கள்.

அசைவு கைவந்த பிறகு, இரண்டு மூன்று தாக்குதல்களில் எது வரும் என்று சொல்லாமல் தாக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னரே, உங்கள் உத்தியில் இடைவெளி கண்டால் திருப்பி எறியும் காயெஷிவாசா. இந்தக் கேள்வி ஐகிடோவுக்குள்ளேயே பழையது. நிறுவனர் மொரிஹெய் உயெஷிபா (1883–1969) போட்டியை ஏற்கவில்லை. அவருடைய மாணவரும் ஜூடோ வல்லுநருமான கென்ஜி தொமிகி (1900–1979), எதிர்ப்பின்றித் திறனைச் சோதிக்க முடியாதென்று கருதி, மென்மையான போலிக்கத்தியுடன் ஒருவர் தாக்கும் போட்டி முறையை உருவாக்கினார். என் கருத்தில், தொமிகியின் கேள்வி நியாயமானது. ஆனால் விழக் கற்காதவர்களுக்கு அது இன்னும் உரியதல்ல.

அதனால்தான் ஷிஹோநாகே என்ற எறியும் உத்தியை மட்டும் இந்தச் சோதனைகளிலிருந்து விலக்கி வையுங்கள். அதில் உகே நேராகப் பின்புறம் விழுவதால், நாடியை நெஞ்சோடு சேர்க்கப் பழகாதவருக்குப் பின்தலை தரையில் மோதும். சனசமூக நிலையத்தின் சீமெந்துத் தரையில் மெல்லிய பாய் விரித்துப் பழகுபவர்கள் இதில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது. அண்ணன் பின்னோக்கி விழுவதை ஆசிரியர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை, ஷிஹோநாகேயில் அவரை எறியாமல், சமநிலை குலையும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.