சதவீதம் சொல்ல 400 டாலர்: கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய மதிப்பெண், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் முடிவு, மற்ற ஈடுபாடுகள் எல்லாவற்றையும் அனுப்பினால், பத்துக் கல்லூரிகளில் இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று அறிக்கை தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. கட்டணம் 400 டாலர். கணவர் வீண் செலவு என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: அந்தச் சதவீதத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். இதில் நான் உங்கள் கணவர் கட்சி.

ஒரு கல்லூரிக்கு 22 சதவீதம் என்று எழுதித் தருகிறார்கள் என்று வையுங்கள். இடம் கிடைத்தால், ‘வாய்ப்பு உண்டு என்று சொன்னோமே’ என்பார்கள். கிடைக்காவிட்டால், ‘குறைவு என்று அப்போதே சொன்னோமே’ என்பார்கள். ஒரே ஒரு பையனை வைத்து அந்த எண் சரியா தப்பா என்று யாரும் சோதிக்க முடியாது. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களை இவர்கள் பார்க்கப்போவதில்லை. விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையை உங்கள் மகன் இன்னும் எழுதியே இருக்க மாட்டான். அவன் பள்ளியிலிருந்து அதே கல்லூரிக்கு வேறு யார் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதும் இவர்களுக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள முடிந்ததில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. சி1 பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்று இருக்கும். சி7-இல் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே சொல்லும். சி9-இல், சேர்ந்த மாணவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண் எதிலிருந்து எதுவரை என்ற வரம்பு. இதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். தேர்வு கட்டாயமில்லாத கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள், அதனால் வரம்பு உயர்ந்தே தெரியும்.

படிப்பையும் பார்க்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினி அறிவியலுக்கு நேரடியாக இடம் கிடைப்பது, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதைவிடப் பல மடங்கு கடினம். மொத்த விகிதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த நிறுவனத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மாதிரி அறிக்கை ஒன்று கேளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. அந்த மதிப்பெண்ணை வைத்து, அவற்றில் ஒன்றான பெர்க்லிக்குச் சதவீதம் போட்டிருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ‘இடம் நிச்சயம்’ என்று சொல்பவரிடமும் அப்படித்தான்.

சரி, யாருக்குமே காசு கொடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்கள் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். முதலில் அவரிடம் நேரம் கேளுங்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தப் பள்ளியிலிருந்து யாருக்கு எங்கே கிடைத்தது என்ற விவரம் அவரிடம்தான் இருக்கும். அவருக்கு நேரமே இல்லை என்றால், மகனின் கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து பார்த்து, ‘பத்தில் எட்டு எட்டாக்கனி, உறுதியாகக் கிடைக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் அனுபவசாலிக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுங்கள். அது வீண் செலவல்ல.

அதற்கு முன் ஒரு மாலை, நீங்களும் கணவரும் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டரில்’ வருமானத்தைப் போட்டு, உதவித்தொகை போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பாருங்கள். மாணவர்களுக்கு அரசு நிதியுதவி கிடைக்கும் கல்லூரிகள் 2011 முதல் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பத்தில் இரண்டு மூன்று அங்கேயே பட்டியலிலிருந்து கழன்றுகொள்ளலாம். முக்கியமாக, ‘எர்லி டிசிஷன்’ என்ற முன்கூட்டிய விண்ணப்பம் போட நினைத்தால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் போடாதீர்கள். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஏற்பாடு அது, பல இடங்களில் நவம்பர் 1-ஆம் தேதியே கெடு.